சொர்ணாம்பாள் அக்காவின் ஜோத்பூர் வண்டி

எங்கள் பட்டறைக்கு வரும் ரயில் எஞ்சின்கள் உள்ளங்கையில் அடங்கும். வெளியூர்க்காரர்கள் பார்சலில் அனுப்புவார்கள். அந்த எஞ்சினுக்குப் பின்னால் நிஜத்தில் எப்படிப்பட்ட பெட்டிகள் ஓடுமோ, அப்படியே செய்து கோத்துத் திருப்பி அனுப்புவோம். எந்த எஞ்சினுக்கு எந்தப் பெட்டி சேரும் என்று முடிவு செய்வது சொர்ணாம்பாள் அக்கா.

சிந்துபூந்துறையில் ஒரு மாடி அறை. முதலாளி தேவசிகாமணி அண்ணாச்சி. செய்ததைப் படம் பிடிப்பதும் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவதும் என் வேலை. முக்கூடலில் பீடி சுற்றும் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று அண்ணாச்சி நம்பினார். நானும் அவரை நம்பவிட்டேன்.

அக்காவுக்கு நாற்பது நெருங்குகிறது. புருஷன் விட்டுப் போனபின் தச்சநல்லூரில் அண்ணன் சுடலைமணி வீட்டில் இருக்கிறார். காலையில் அண்ணன் லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். சாயங்காலம் தண்டவாளங்களுக்கு மேலே போகும் ஈரடுக்குப் பாலத்தில் ஏற்றிக்கொள்வார். அவர் சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை. அந்தக் காத்திருப்பில்தான் அக்கா ரயில்களைப் பார்த்தார். பாலத்தின் மேலிருந்தே பார்த்ததால் பெட்டிகளின் கூரையை அவரைப் போல யாரும் செய்ய முடியாது. ரயிலில் ஏறிப் போனது திருச்செந்தூர் வரைதான்.

ஒருமுறை பழைய டீசல் எஞ்சின் ஒன்று வந்தது. "புதுச் சிவப்புப் பெட்டி பளபளன்னு சும்மாதான கிடக்கு, மாட்டி விட்ருவமா?" என்றார் அண்ணாச்சி.

"தாத்தாவுக்குப் பேரன் சட்டையை மாட்டுன மாதிரி இருக்கும் அண்ணாச்சி. கொக்கியே சேராது."

எண்ணெய் டேங்கர்களை எஞ்சினோடு ஒட்டிக் கோத்தாலும் விடமாட்டார். தீப்பொறி எட்டாமலிருக்க நடுவில் ஒரு வெறும் வேகன் வேண்டும் என்பார்.

அந்த டீசல் எஞ்சினை அனுப்பியவர் ஜோத்பூர்க்காரர், வயதானவர். பாலைவனத்தில் ஓடும் பயணிகள் வண்டி வேண்டும், ஓடிக் களைத்த வண்டியாகத் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தார். அக்கா பழைய நீலப் பெட்டிகளாக எடுத்தார். முன்னும் பின்னும் முன்பதிவில்லாத பெட்டி, கடைசியில் கார்டு அறை. கழிவறைக்குக் கீழே துருக்கறைகூட வைத்தார். மிச்சம் புழுதிதான்.

"பாலைவனம்னா எனக்குத் தெரியாதா? எங்க ஊருத் தேரியைப் பாத்து வளந்தவதானலே நான்" என்றார். அவர் பிறந்தது திசையன்விளைப் பக்கம். கண்ணுக்கெட்டிய வரை செக்கச்சிவந்த மணல்மேடு. அந்தப் பக்கம் லோடு ஏற்றப் போன அண்ணனிடம் சொல்லி ஒரு பை மணல் கொண்டுவரச் செய்தார். துணியில் சலித்து, வார்னிஷில் குழைத்து, சக்கரத்திலும் படியிலும் ஒற்றினார். நான் படம் பிடித்தேன். பாலைவனப் படங்களை எத்தனையோ பார்த்தவன் நான். ஆனாலும் அந்தச் சிவப்பு எனக்கும் சரியென்றே பட்டது.

அனுப்பிய வண்டி திரும்பி வந்தது. கூடவே கடிதம். 'பெட்டிகள் சரி, வரிசை சரி. ஆனால் இது செவ்வாய் கிரகத்தில் ஓடும் வண்டியா? எங்கள் புழுதி வெளிறியது, மாவு போல ஜன்னலுக்கு மேலேயும் படியும். செய்தவர் ஒருமுறை நேரில் வரட்டும். என் குடும்பத்தோடு தங்கி, வண்டியில் போய்ப் பார்க்கட்டும். செலவு என்னுடையது.'

அக்காவின் தூரிகை நின்றது.

"போய்ப் பாக்கச் சொல்லுதாரா? என்னையா?"

"உங்களைத்தான்க்கா."

"இன்னொருக்கா படி."

படித்தேன். தானே கூட்டிப் போவதாக அண்ணாச்சி சொன்னார். அன்று சாயங்காலம் நானும் அக்காவோடு பாலம் வரை நடந்தேன். "அங்கன சோறு கிடைக்குமாலே? ஜன்னல் பக்கத்துல இடம் கேட்டா குடுப்பாவளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் வந்ததும், வண்டியில் ஏறாமல் நின்றபடியே சொன்னார்.

சுடலைமணி சிரித்தார். "ஏட்டி, மண்ணைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் போவாவ? படிச்ச தம்பி இருக்கான்லா, போன்ல காட்டுவான்."

"அண்ணாச்சி கூட்டிட்டுப் போறேன்னாவ."

"அது அதுக்கு மேல. தனியாப் போனா ஒரு பேச்சு, அவரு கூடப் போனா ஊரே பேசும். எனக்கும் லோடு கிடக்கு." தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கினார். "சரி, போட்டோவைப் பாத்துச் செய்யி. அந்தாளுக்குப் பிடிக்கலேன்னா அப்பம் பாப்போம். ஏறு."

சீட்டில் கிடந்த சாக்கை உதறிப் போட்டு, தங்கையின் பையையும் வாங்கி வைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குக் குழப்பம். அவர்மேல் கோபப்படத் தெரியவில்லை.

ஜோத்பூரிலிருந்து படங்கள் வந்தன. என் போனில் ஒரு நிறம், அக்காவின் போனில் வேறு நிறம். சுண்ணாம்புப் பொடி, சந்தன நிறப் பெயின்ட், துளிச் சாம்பல் என்று கலந்து பூசுவதும் துடைப்பதுமாக இருந்தார். நாளுக்கு நாள் பெட்டிகள் வெளிறி, நிஜமாகிக்கொண்டே வந்தன. எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, கொஞ்சம் தப்பாவே விட்டுருங்களேன். பிடிக்கலேன்னாத்தான அண்ணன் உங்களைப் போக விடுவாரு" என்றேன் மெதுவாக.

அன்று அக்கா ஒரு பெட்டியில் புழுதியை ஒரு பக்கம் மட்டும் தடவிவிட்டுக் கை கழுவினார். மறுநாள் நான் வருவதற்குள் மறுபக்கமும் முடிந்திருந்தது. அரக்குப் போலச் சிவந்த கண்களோடு உட்கார்ந்திருந்தார்.

"முள்ளு மாதிரி உறுத்திக்கிட்டே கிடந்துச்சுலே. விட்டுட்டு இருக்க முடியல."

ஜோத்பூருக்கு அனுப்பும் படத்தை மோசமான வெளிச்சத்தில், நிறம் தப்பாகத் தெரியும்படி நான் பிடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஏன் என்று இன்னும் தெரியவில்லை. என் கையும் அவர் கையைப் போலத்தானா, அல்லது எனக்கு இந்த வேலை போய்விடும் என்ற பயமா?

பதில் வந்தபோது அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் உள்ளபடி படித்தேன். 'அற்புதம். இதற்காக அந்த அம்மா இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. என்னிடமுள்ள எல்லா எஞ்சின்களையும் அனுப்புகிறேன்.'

"நம்ம சொர்ணம் ஜெயிச்சிட்டா" என்று அண்ணாச்சி கைதட்டினார்.

"எனக்கென்ன சிரமம்" என்றார் அக்கா, யாரிடமும் இல்லாமல்.

அடுத்த வாரம் பார்சல்கள் வந்து சுவரோரம் அடுக்கப்பட்டன. அக்கா முதல் எஞ்சினைப் பிரித்து, திருப்பிப் பார்த்து, மேசைமேல் வைத்தார்.

"இது எங்கன ஓடுத வண்டி?"

"ஜெய்சல்மேர்க்கா."

"போட்டோ அனுப்பச் சொல்லு" என்றார்.