வாடை போன கால்

அவர் உள்ளே வருவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. துபாயில், சோனாப்பூர் லேபர் கேம்ப்களுக்கு நடுவே இருக்கிற சின்ன கிளினிக் எங்களுடையது. புண்ணுக்குக் கட்டுப் போடும் அறை என் பொறுப்பு. எத்தனையோ நாற்றங்களைப் பார்த்த மூக்குதான், ஆனாலும் அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அரியலூர் பக்கத்துக்காரர், கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை. கூட வந்தவர் அதே ரூமில் அவருக்கு மேல்கட்டிலில் படுப்பவர், ஒரே ஊர்க்காரர். அவர்தான் பேசினார்.

"ரூமுல ஒருத்தனும் தூங்க முடியல சிஸ்டர். ஊதுபத்தி, அத்தர், ஸ்ப்ரேன்னு எல்லாம் அடிச்சுப் பாத்துட்டோம். அண்ணனை வெளிய படுன்னு சொல்லவும் மனசு வரல. அதான் இழுத்துட்டு வந்தேன்."

காலுக்குச் சொந்தக்காரர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். நாள்பட்ட சர்க்கரை, பாதம் மரத்துப்போயிருந்தது. சைட்டில் ஆணி ஒன்று ஷூவைத் துளைத்துக்கொண்டு ஏறியதே அவருக்குத் தெரியாதாம். சாக்ஸ் ஏன் ஈரமாக இருக்கிறது என்று பார்த்தபோதுதான் தெரிந்ததாம். வலிக்காத புண்ணைக் கண்டால்தான் எனக்குப் பயம். வலிக்கிறவன் கத்துவான், என்னைத் திட்டுவான், ஆனால் மறுபடியும் வருவான். வலிக்காதவனை நம்ப முடியாது.

டாக்டர் செத்த சதையை வெட்டியெடுத்துவிட்டு, மாத்திரைகளோடு தேன் கட்டும் எழுதினார். நான் டியூபைப் பிதுக்கியதும் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இறங்கியது.

"சுகர்காரனுக்குத் தேனா? நல்லா இருக்கே சிஸ்டர்" என்றார் அவர்.

"எறும்பு வராதா?" என்றார் மேல்கட்டில்காரர்.

"வந்தா அதுக்கும் டோக்கன் போட்டுப் பாத்துக்கறேன். இது கடைத்தேன் இல்லண்ணே. கிருமி இல்லாம பண்ணி, புண்ணுக்குன்னே வர்றது. நீங்க காலை ஊனாம இருந்தாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மூவரும் சிரித்தோம். அந்தத் தேன் கெட்ட சதையை இளக்கும், கிருமியை அடக்கும். ஆனால் அது முதலில் விரட்டுவது வாடையைத்தான். புண் ஆறுவது அப்புறம், ஆறினால்.

ஒவ்வொரு தடவை கட்டை அவிழ்க்கும்போதும் நாற்றம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அறையே சுத்தமாக மணத்தது. ஓரங்கள் சிவந்து நன்றாகத்தான் இருந்தன. நடுவில் மட்டும் ஒரு சின்னக் குழி தூராமல் நின்றது. அந்தக் குழி எனக்குப் பிடிக்கவேயில்லை. எக்ஸ்ரே எடுக்க அடுத்த வாரம் கட்டாயம் வரச் சொல்லி டாக்டர் அனுப்பினார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. மேல்கட்டில்காரர் மட்டும் ஒரு டிபன் டப்பாவோடு வந்தார்.

"மட்டன் சிஸ்டர். உங்களுக்குத்தான். வாடை போற வரைக்கும் ரூமுல கறி ஆக்குறதில்லைன்னு எல்லாரும் வேண்டிக்கிட்டோம். நேத்துதான் முடிச்சோம். அண்ணன் ரெண்டு தட்டு சாப்பிட்டாரு!"

"அவர் எங்க?"

"டூட்டிக்குப் போயிட்டாரு."

டப்பா என் கையில் சூடாக இருந்தது. அத்தனை ஆண்களும் ஒருவருக்காக லீவு நாள் கறியை விட்டிருக்கிறார்கள், அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் அந்த நிமிடம் எனக்கு வந்தது கோபம். எனக்கு வாய் நீளம் என்று கிளினிக்கில் பெயர். அந்தப் பெயரை அன்றைக்குக் காப்பாற்றினேன்.

"வாடை போனா புண் ஆறிடுச்சுன்னு யார் சொன்னது? அந்தக் காலை ஷூவுக்குள்ள திணிச்சு அனுப்பிட்டு எனக்குக் கறியா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. ரூமில் எல்லோரும் மோந்துபார்த்துத்தான் முடிவு செய்தார்களாம். சிக் லீவு நீண்டால் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அண்ணனுக்குப் பயமாம். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. அவரைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அவருக்கே போன் செய்தேன். "ஆறிடுச்சு சிஸ்டர், சும்மா பயப்படாதீங்க" என்றார். டாக்டரும் பேசினார். இதோ வருகிறேன் என்றவர் வரவில்லை. கேம்ப் பாஸுக்கு அடித்தேன். "மாஃபி முஷ்கில் சிஸ்டர், ஆத்மி டூட்டி கர் ரஹா ஹை" என்று போனை வைத்துவிட்டான். ஆள் வேலை செய்கிறான், அப்புறம் என்ன பிரச்சினை! அதற்கப்புறம் ஷூ போட்டு நடந்து வருகிற ஒவ்வொருவர் காலையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் கம்பெனி வேனில் கொண்டுவந்தார்கள். சைட்டில் குளிர் நடுக்கம் கண்டு உட்கார்ந்துவிட்டாராம். வெளியே உடம்பைப் பொசுக்கும் வெயில், அவர் ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்தியிருந்தார். கூடவே மேல்கட்டில்காரர்.

காலில் புதுக் கட்டு இருந்தது. நான் போடுவதைப் பார்த்துப் பார்த்து மேல்கட்டில்காரரே தினமும் போட்டுவந்திருக்கிறார், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய தேன் பாட்டிலை வைத்து. என்னைவிட ஒழுங்காகச் சுற்றியிருந்தார். அவிழ்த்தேன். தேன் வாசம் மட்டும்தான் வந்தது. பாதம் வீங்கிப் பளபளத்தது. கணுக்காலிலிருந்து சிவப்பு மேலே ஏறியிருந்தது.

"நாறவே இல்லையே சிஸ்டர்" என்றார் மேல்கட்டில்காரர். குரல் உடைந்திருந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

டாக்டர் மெல்லிய கம்பியை அந்தக் குழிக்குள் விட்டார். அது நேராக இறங்கி, எதிலோ முட்டி நின்றது. எலும்பு. படுத்திருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, எலும்பு உள்ளே அரித்துப்போய்விட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் அநேகமாக முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போனார்.

நான் திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எடுக்கணுமா சிஸ்டர்?"

"ஆமாண்ணே."

"எங்க?"

அவரே கையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வைத்துக் காட்டினார். நான் ஆமாம் என்று சொல்வதற்குள் கை கொஞ்சம் கீழே நகர்ந்தது.

"இங்கயா?"

தலையாட்டினேன், இல்லை என்று. கை இன்னும் இறங்கி ஆடுசதையின் அடியில் நின்றது. கடைக்காரனிடம் கடைசி விலை கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"இந்த எடத்துல? பாதம் மட்டும்? நீங்க சொன்னா டாக்டர் கேப்பாரு சிஸ்டர்."

அவர் கை நெருப்பாகச் சுட்டது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மேலே நகர்த்தி, முழங்காலுக்குக் கீழே வைத்தேன்.