படிகத்தில் ஊதிய மூச்சு

போர்ட் பிளேரில் எந்த லென்ஸும் நான்கு நாள் சும்மா கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும். வாயால் ஊதி, மெல்லிய துணியால் துடைப்பது என் கைப்பழக்கமாகிவிட்டது. எழுபதுகளின் பின்பாதியில் அந்தப் பழக்கம் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

கடற்பாசியைப் பறித்த உடனே சோதிக்க வேண்டும் என்று எங்கள் விஞ்ஞானி மேடம் லேசரையே மெயின்லேண்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்திருந்தார். மரைன் ஹில்லில் ஒரு ஷெட். நான் டெக்னீஷியன். லேசரின் ஆஸிலேட்டர் பகுதியிலிருந்து பல்ஸ்கள், அதாவது ஒளித்துடிப்புகள், ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக வரும். ஒன்றை மட்டும் பிரித்து, ஆம்ப்ளிஃபயரில் பெருக்கி, பச்சை ஒளியாக்கிப் பாசிமேல் விடவேண்டும். இரண்டாவது பல்ஸ் விழுந்தால் சோதனையே கெட்டுப்போகும். பிரித்துவிடும் கேட், பாக்கெல்ஸ் செல் என்ற சின்னக் கூட்டுக்குள் இருக்கும் ஒரு படிகம்.

நாங்கள் மெயின்லேண்டுக்குத் திரும்பும் கப்பல் புறப்பட மூன்று நாள் இருந்தது. காலையில் செல்லைத் திறந்தவன், படிகத்தையும் லென்ஸ் போலவே ஊதித் துடைத்துவிட்டேன். அது உப்பு மாதிரி ஈரத்தில் கரையும் ஜாதி என்று எனக்குத் தெரியும். கை மறந்துவிட்டது. படிகம் பால் போல வெளுத்தது.

மேடம் வந்து பார்த்தார். "ஈரக்காத்து உள்ள போயிருச்சு. சீல் சரியில்ல. முழுசும் போச்சு, பேக் பண்ணுங்க." இரண்டு வருட உழைப்பு. கண் கலங்கியதை அவர் மறைக்கக்கூட இல்லை.

பேசாமல் இருந்தால் பழி சீலோடு போயிருக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை.

"சீல் இல்ல மேடம். நான்தான் ஊதித் தொடைச்சேன்."

"எத்தனை தடவை?"

"ஒரே தடவை. இப்பத்தான்."

"அப்ப மேல்பக்கம் மட்டுந்தான் கெட்டிருக்கு!" மேஜையில் கிடந்த வடைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். எண்ணெய் பட்ட இடத்தில் மறுபக்க எழுத்து தெரிந்தது. "இதே மாதிரிதான். சொரசொரப்புல எண்ணெய் நிரம்பினா ஒளி நேரா உள்ள போயிரும். தண்ணி கலக்காத எண்ணெய் வேணும். லிக்விட் பாரஃபின். ஓடுங்க!"

ஆஸ்பத்திரி கம்பவுண்டர் தூத்துக்குடிக்காரர். "யாருக்குவே மலச்சிக்கல்?" என்றார்.

"லேசருக்கு அண்ணாச்சி."

"அரே பாப்ரே, அதுக்குமா!" என்று சிரித்து, சீல் உடைக்காத போத்தலாகப் பார்த்துக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

செல்லுக்குள் எண்ணெய் நிரப்பி மூடினோம். மேடம் லேசரை ஃபயர் செய்தார். பல்ஸ்களைக் காட்டும் ஸ்கோப் திரையில் ஒரே ஒரு பல்ஸ். இன்னொரு தடவை ஃபயர் செய்தார். மறுபடியும் ஒன்றே ஒன்று. மீதி நாட்களில் சோதனையை முடித்தோம்.

தப்பு நடந்தால் நடந்தபடியே, அப்போதே சொல்லிவிடுங்கள். சரிசெய்யும் வழி அந்த விவரத்தில்தான் இருக்கும். மேடம் முதலில் திட்டியிருந்தால் நான் பாதியை விழுங்கியிருப்பேன். திட்டும் கிடைத்தது. கப்பல் ஏறிய பிறகு, டெக்கில் நிற்கவைத்து, அரை மணி நேரம். அதற்கும் சேர்த்தே அவருக்கு நன்றி.