கேமராவை ஒளித்து எடுத்த ஷாட்

தொண்ணூறுகளில் வந்த டிவி தொடர் அது. சின்ன ஊர் இன்ஸ்பெக்டர் ஒருவரின் கதை. வாரம் ஒரு கேஸ், அரை மணி நேரத்தில் திருடன் பிடிபட்டுவிடுவான். நான் அதற்கு புரொடக்‌ஷன் மேனேஜர். பெயரைக் கேட்டு மலைத்துவிடாதீர்கள். காலை இட்லி முதல் கைவிலங்கின் சாவிவரை எது தொலைந்தாலும் என் தலையில்தான் விடியும். என்னிடம் வேலை கற்கும் பிள்ளைகள் கேட்டதால் இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் கிடையாது.

1. ஆள் கிடைத்தார்

ஓசூரில் ஷூட்டிங். பீரோ திருடனைக் கைவிலங்கோடு கடைத்தெருவில் இன்ஸ்பெக்டர் இழுத்துவர வேண்டும். திருடனாக நடிக்க மெட்ராஸிலிருந்து வந்தவர் வழியில் தின்ற பரோட்டாவால் வயிறு கலங்கி லாட்ஜில் படுத்துவிட்டார். டைரக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், பத்து மணிக்குள்ள எனக்கு ஒரு திருடன் வேணும். எங்கயாவது போய்ப் புடிச்சுட்டு வா!"

பஸ் ஸ்டாண்டு மூலையில் பூட்டு ரிப்பேர் செய்து, கள்ளச்சாவி போட்டுக் கொடுக்கும் அன்வர் பாய் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான முகம், கழுத்தில் சாவிக்கொத்து மாலை. முந்தின நாள்தான் எங்கள் மேக்கப் பெட்டிக்குச் சாவி போட்டுக் கொடுத்திருந்தார். பீரோ திருடனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் ஏது என்று எனக்கு ஒரே குஷி. கேட்டதும் அவருக்கும் சிரிப்பு.

"நானா சார்? டிவியிலயா? எம் பொண்ணு நம்பவே மாட்டா!"

கேமரா தெரிந்தால் ஜனங்கள் லென்ஸைப் பார்த்துப் பல்லிளிப்பார்கள். அதனால் வேனுக்குள் கேமராவை வைத்து, ஜன்னலில் திரை கட்டி, ஓட்டை வழியாக எடுப்பது எங்கள் வழக்கம். அன்றும் அப்படித்தான் எடுத்தோம். யூனிஃபார்மில் இருந்த நடிகர் பாயின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். கடைத்தெருவே திரண்டது. "கள்ளா, கள்ளா" என்று கன்னடத்தில் ஒரு குரல். காய்கறி வாங்க வந்த ஒரு அம்மா வாயில் அடித்துக்கொண்டார்.

"ஐயையோ, எங்க வீட்டு பீரோ சாவி இவன்தானே போட்டுக் குடுத்தான்!"

டைரக்டர் என் முதுகில் தட்டினார். "என்னா ரியாக்‌ஷன்யா! காசு குடுத்தாலும் கிடைக்காது!"

அடுத்து ஊர் எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் ஒரு ஷாட். வானம் மூடிக்கொண்டு வந்ததால் பாயை அப்படியே வேனில் ஏற்றினோம்.

"சார், ஒரு நிமிசம் எறங்கி, இது ஷூட்டிங்னு ஜனங்ககிட்ட சொல்லிட்டு வந்துடறனே."

"எதுக்கு பாய்? டிவியில வந்தா ஊருக்கே தெரியும். வண்டிய எடுப்பா," என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

2. எடிட்டிங் டேபிள்

ஒரு மாதம் கழித்து பாய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆபீஸுக்கு போன் செய்தார்.

"யாரும் சாவி போட வர்றதில்ல சார். ஷூட்டிங்குன்னு சொன்னா, கேமரா எங்க இருந்துச்சு, நாங்க பாக்கலியேங்கறாங்க. அந்த சீன் கண்டிப்பா வருமில்ல?"

"கண்டிப்பா வரும் பாய். எல்லாரையும் கூப்பிட்டு வச்சுப் பாருங்க."

அதே வாரம் எடிட்டிங்கில் இருந்தேன். முந்தின சீனில் இன்ஸ்பெக்டர் தலையில் தொப்பி இல்லை, கடைத்தெருவில் இருந்தது. "கன்டினியூட்டி இடிக்குது, தூக்கிடலாம்" என்றார் எடிட்டர். டைரக்டர் தலையாட்டினார். அது போனதும் செக்போஸ்ட் ஷாட்டுக்கும் வேலையில்லாமல் போனது. நான் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "அந்த ஆள் பிழைப்பு போயிடும் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. வராது என்று பாய்க்காவது சொன்னேனா? அதுவும் இல்லை.

3. மூன்று கடைகள்

ஆறேழு மாதம் கழித்து மறுபடி ஓசூர். பஸ் ஸ்டாண்டு மூலையில் பாய் இல்லை. மார்க்கெட்டில் தக்காளிக் கூடை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓடிவந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாருக்கீங்களா சார்? உங்க சீரியல் வந்த அன்னிக்கு எங்க தெருவையே கூப்புட்டு டிவி முன்னால உக்கார வச்சேன் சார். வரல. எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. எம் பொண்ணு கேக்கறா, 'அத்தா, நெஜமாவே ஷூட்டிங்குதானா?'ன்னு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"இப்ப நீங்களே வந்துட்டீங்கல்ல! கடைகடையா வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், போதும்."

அழைத்துப் போனார். முதலில் மளிகைக்கடை. "அண்ணா, இவருதான் அந்த ஷூட்டிங் சார். நீங்களே கேளுங்க." சொன்னேன். அடுத்தது பாத்திரக்கடை, அங்கேயும் சொன்னேன். துணிக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி நாளு எங்க போயிருந்தீங்க?" என்றார். வெளியே வந்ததும் வேலை இருப்பதாகச் சொல்லிக் கழன்றுகொண்டேன்.

"மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம் பாய்."

"நாளைக்கு வந்துடுவீங்கல்ல சார்? வரிசை பூரா பாக்கியிருக்கு."

மறுநாள் யூனிட் ஊத்தங்கரைக்குக் கிளம்பியது. அது எனக்கு முன்பே தெரியும்.

பிள்ளைகளா, கேமராவை ஒளித்து எடுத்தால் ஷாட் முடிந்த அடுத்த நிமிடம் அதை நடுத்தெருவில் கொண்டுவந்து வையுங்கள். நடித்தவரைப் பக்கத்தில் நிறுத்தி, யார் என்னவென்று சத்தமாகச் சொல்லுங்கள். வெளிச்சம் போனால் போகட்டும், டைரக்டர் திட்டினால் திட்டட்டும். அதற்கப்புறம் நான் வேலை பார்த்த ஒவ்வொரு ஊரிலும் அப்படிச் செய்தேன். ஓசூரில், அன்வர் பாய்க்கு மட்டும் செய்யவில்லை.