பூண்டுக் கை

எங்கள் வீட்டில் எதற்கும் விலை பூண்டில்தான். புதுச் செருப்பு என்றால் இத்தனை கிலோ, அண்ணன் வாங்கிய பழைய பைக் என்றால் இத்தனை மூட்டை. ரூபாயில் சொன்னால் அம்மாவுக்குக் காதில் ஏறாது. பூண்டாக மாற்றிச் சொன்னால் உடனே முகம் மாறும். அதனால்தான், கண் இமைக்கு முடி ஒட்டுகிற வேலையைப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மூட்டை?"

எங்கள் ஊர் கவுஞ்சி. நான் அப்போது கொடைக்கானல் டவுனில் தங்கி ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்த்தேன். நூலால் புருவம் எடுப்பேன், ஃபேஷியல் செய்வேன். சீசனில் ஒருநாள் வெளியூர்ப் பெண் ஒருத்தி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். சாரலில் நனைந்த முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்ததில், இமையில் ஒட்டியிருந்த முடியில் பாதி உதிர்ந்துவிட்டதாம். மறுநாள் யாருக்கோ ரிசப்ஷன். "இங்க யாராச்சும் ஒட்டித் தருவாங்களா?" என்று கேட்டாள்.

"அதுக்கு நீங்க மதுரைக்குத்தான் எறங்கணும்" என்றார் பார்லர் நடத்தும் அக்கா. அவள் போனதும் என்னைப் பார்த்து, "மலையில இருக்கிறவளுக்கு வைத்தியமும் கீழ, அழகும் கீழ" என்றார். அந்தப் பேச்சு எனக்குள் ஒட்டிக்கொண்டது. அந்த அழகை மேலே கொண்டு வந்தால் என்ன?

வேலை இதுதான். படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, அவர்களுடைய இமைமுடி ஒன்றை இடுக்கியால் பிரித்துத் தனியாகப் பிடிக்க வேண்டும். செயற்கை முடி ஒன்றைப் பசையில் தொட்டு அதன் மேல் ஒட்ட வேண்டும். பிறகு அடுத்த முடி. பிறகு அதற்கடுத்தது. ரெண்டு கண்ணும் முடிவதற்குள் நம் முதுகு வில்லாகிவிடும்.

அம்மாவுக்கு இதை விளக்கி முடித்தபோது சொன்னாள்: "கண்ணை இமை காக்குது. இமையை இனிமே நீ காக்கப் போறியாக்கும்?"

அவள் பார்வை மட்டும் அடுப்புக்கு மேலே போனது. அங்கேதான் புகையில் கொத்துக் கொத்தாக விதைப்பூண்டு தொங்கும். விளைந்ததில் திரட்சியாக இருப்பதைப் பொறுக்கி அடுத்த நடவுக்கென்று கட்டிவைப்பது. பஞ்சம் வந்தாலும் அதில் கை வைக்கமாட்டார்கள். அப்பா செத்துப்போன வருசம்கூட நாங்கள் அதைத் தொடவில்லை.

அண்ணனும் அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டான். "விதையில கை வச்சா வீடு விடியாது" என்றான்.

"ஏலே, நீ பைக்கு வாங்கயில விடிஞ்ச வீடு, இவளுக்குன்னதும் இருட்டிருமா?" என்றாள் அம்மா.

"பைக்கு வித்த பூண்டுல வாங்குனது. இது விதைப்பூண்டு."

"பாதிதானடா. பாதி கெடக்கும்ல."

மதினி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. என்னிடம் திரும்பி, "இங்க பாரு புள்ள, கடன்னா வட்டியக் கட்டித் தள்ளிப் போடலாம். நடவைத் தள்ளிப் போட முடியாது. அதுக்குள்ள விதை வந்து சேரணும். வரலைன்னா பாதித் தோட்டம் பூண்டில்லாமக் கெடக்கும்" என்றான். அவன் சொன்னது ஞாயம். தலையாட்டினேன்.

பாதி விதைப்பூண்டு வடுகப்பட்டிச் சந்தைக்கு இறங்கியது. நான் மதுரைக்கு இறங்கினேன்.

அங்கே பொம்மைத் தலையில் ஒட்டிப் பழகினோம். பயிற்சிக்குப் பணம் தனி, சாமானுக்குத் தனி. தங்கின அறைக்கு, சாப்பாட்டுக்கு, படுக்கவைக்கிற மடக்குக் கட்டிலுக்கு, வட்ட விளக்குக்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வாயைத் திறந்தது. அம்மா ஃபோனில், "இன்னைக்கு எத்தனை கிலோ?" என்பாள். இடுக்கியின் விலையைச் சொன்னபோது, "அதை வச்சு முடியை எடுக்கணுமா, இல்ல அதையே நகையாப் போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். பசைதான் அவளுக்கு ஆறவே இல்லை. கட்டைவிரல் உயரப் புட்டி. திறந்துவிட்டால் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் சில வாரத்தில் தூக்கிப் போட வேண்டும். "என் பூண்டைப் புகையில கட்டுனா வருசம் தாங்கும். உன் பசை ஒரு அமாவாசை தாங்காது போலிருக்கே!"

திரும்பி வந்ததும் உயிருள்ள கண் வேண்டும். யார் தருவார்கள்? மதினி தந்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டு, மதினியைப் படுக்கவைத்து, ஒட்ட ஆரம்பித்தேன். காலையில் படுத்தவள் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்தாள். "கண் இமைக்கிற நேரம்னு சொல்றாங்களே, அது இம்புட்டு நேரமா நாத்தனாரே?" என்றாள். கண்ணாடியில் பார்த்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் தோட்டத்திலிருந்து வந்தவன், "என்னது, கண்ணுல விசிறியக் கட்டிவிட்டிருக்க" என்று சலித்துக்கொண்டான். அன்றைக்குச் சாப்பிடும்போது குழம்பைச் சோற்றில் ஊற்றாமல் தண்ணீர்ச் செம்பில் ஊற்றினான். பார்வை எங்கே இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மதினியைப் பார்த்துவிட்டு ஊர்ப்பெண்கள் இன்னும் சிலர் வந்தார்கள். பழகுவதற்கென்பதால் அவர்களிடம் காசு வாங்கவில்லை. காப்பியும் முறுக்கும் நான்தான் கொடுத்தேன். எல்லாருக்கும் நன்றாக வந்தது. ஒரு கண்ணும் கலங்கவில்லை. கை தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். பார்லர் அக்கா ஒரு மூலையில் திரை கட்டிக் கொடுத்தார். வருகிறதில் அவருக்கும் ஒரு பங்கு.

முதலில் வந்தது லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கிற பெண். கொஞ்ச நேரத்தில் மூடின கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்தது. ஈரம் பட்டால் அந்தப் பசை வெளுத்துப் பூத்துவிடும். ஒட்டினதெல்லாம் உப்புப் படிந்த மாதிரி ஆனது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். அடுத்து ஒரு டீச்சர். அவருக்கும் அதே கண்ணீர். பசைதான் சரியில்லை என்று வேறு பசை வாங்கினேன். மூடுபனிதான் காரணம் என்று ஒரு ஹீட்டர் வாங்கினேன். ஒவ்வொன்றையும் வாங்கும்போது தோட்டத்தில் ஒரு வரிசை அழிகிற மாதிரி இருக்கும்.

அப்புறம் பெருமாள்மலையிலிருந்து ஒரு கல்யாணப்பெண் வந்தாள். முகூர்த்தத்துக்கு முன்னால் ஒருதரம் போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். ஒட்ட ஆரம்பித்ததும் அவளுக்கும் கண் கலங்கியது. இடுக்கியைக் கீழே வைத்தேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "உங்க கை ரசம் மாதிரி மணக்குதுங்க. கண்ணு எரியுறது அதுனாலதான்னு நெனைக்கிறேன்."

பார்லர் அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து முகர்ந்தார். சிரித்தார் பாருங்க, ஸ்டூலைத் தேடி உட்கார்ந்து சிரித்தார். "இது தெரியாமப் போச்சே! உன்னைப் பூண்டோடயே பழகிட்டேன்டி. நீ இல்லாத அன்னைக்குத்தான் பார்லர்ல என்னமோ கொறையும்."

விசயம் இதுதான். லீவு கிடைத்தால் நான் கவுஞ்சிக்கு ஓடிவிடுவேன். போனால் சும்மா இருக்கமாட்டேன், பூண்டு உடைப்பேன், பல் பிரிப்பேன், தோல் நீக்குவேன். அந்தச் சாறு நகக்கண்ணில் ஏறிக் கிடக்கும். இமை ஒட்டும்போது என் விரல் அவர்கள் கண்ணுக்கு மேலேயே இருக்கும். ஊர்ப்பெண்கள் பூண்டிலேயே பிறந்து வளர்ந்த கண்கள், அவர்களுக்கு எரியுமா? இத்தனை வருசம் புருவம் எடுத்தேனே, அப்போது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். நூல் போட்டால் எல்லாருக்கும்தான் கண்ணீர் வரும். அந்தக் கண்ணீரில் என் கை தப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது.

எலுமிச்சை தேய்த்தேன். காப்பித்தூள் தேய்த்தேன். எவர்சில்வர் சொம்பில் விரலைத் தேய்த்தால் போகும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்தேன். ஊரில் கையுறை போட்டுக்கொண்டு பூண்டு உடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "டாக்டரம்மா, பூண்டுக்கு என்ன, சுகப்பிரசவமா ஆபரேசனா?" என்றாள். கையுறை கையைக் காத்தது. ஆனால் ஸ்வெட்டர் இருக்கிறதே, தலைமுடி இருக்கிறதே! குனிந்து வேலை பார்க்கும்போது அதெல்லாம் வாடிக்கையாளர் மூக்குக்கு நேரே. கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. இனிமேல் பூண்டு வேலைக்கு வர முடியாது என்று அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்ப வராத" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வராதன்னா சோலிக்கு வராத. சோறு திங்க வா" என்றாள்.

அப்படித்தான் ஆனது. லீவுக்குப் போவேன். மதினி எனக்கென்று பூண்டில்லாத குழம்பு தனியாக வைத்திருப்பாள். "பூண்டு போடாத குழம்பு, மாமியா இல்லாத வீடு மாதிரி. நிம்மதிதான், ருசிதான் இல்லை" என்று அம்மா காதுபடவே சொல்வாள். என் ஸ்வெட்டரை வாங்கி வெளியே கொடியில் போடுவாள். பின்கட்டில் எல்லாரும் பூண்டு உடைக்கிற சத்தம் கேட்கும். நான் முன்னால் உட்கார்ந்திருப்பேன், விருந்தாளி மாதிரி. ஒருநாள் அம்மா வேலையின் நடுவே எழுந்து வந்தாள். என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையை நீட்டினாள். பாதியில் கை நின்றது. விரலை மடக்கிக்கொண்டு மணிக்கட்டால் ஒதுக்கிவிட்டாள்.

என் இடத்தில் பூண்டு உடைக்கக் கூலிக்கு ஓர் ஆளை வைத்தார்கள். மதுரைப் பயிற்சியில் இந்தத் தொழிலுக்கு என்னென்ன செலவு ஆகும் என்று எழுதிக் காட்டியிருந்தார்கள், அதில் அந்தக் கூலி இல்லை. மணிக்கட்டும் இல்லை.

வேலை மெதுவாகப் பிடித்தது. பெருமாள்மலைப் பெண் துணிந்து இன்னொருதரம் வந்தாள். வாசலிலேயே என் கையை வாங்கி முகர்ந்துவிட்டு, "இன்னைக்கு ரசம் இல்லை" என்று சொல்லிப் படுத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்யாணத்தில் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு அவள் சொந்தக்காரப் பெண்கள் வந்தார்கள். டீச்சரும் திரும்ப வந்தார். வந்ததையெல்லாம் சேர்த்து விதைப்பூண்டுக்கு ஒதுக்கினேன். ஆனால் நடவுக்கு முன்னால் பூண்டு விலை ஏறிவிட்டது. விதைக்கு இன்னும் கூடுதல். எவ்வளவு இழுத்துப் பிடித்தும் கீழ்த்தட்டுக்கு மட்டும் விதை துண்டு விழுந்தது. எங்கள் தோட்டம் படிக்கட்டு மாதிரி இறங்குகிற தோட்டம். அதில் அடியில் இருப்பது அந்தத் தட்டு, நல்ல மண்.

அண்ணனிடம் ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை. நடவன்று வெள்ளனே முதல் பஸ்ஸில் போய்விட்டேன். விதை வாங்கப் பணத்தை முன்னமே அனுப்பியிருந்ததால், மூட்டைகள் வந்து இறங்கியிருந்தன. மேல்தட்டில் அம்மாவும் மதினியும் ஆட்களும் குனிந்து பல் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்து ஏறி வந்தான்.

"அண்ணே, கீழ்த்தட்டுக்குப் பத்தாது."

"தெரியும். மூட்டையப் பாத்தாத் தெரியாதா?"

"டவுனை விட்டுட்டு வந்துடுறேன். கூலி ஆளாவது மிச்சமாகும்ல."

"வந்து?"

"பூண்டு உடைக்கிறேன்."

"நீ உடைக்கிற வேகத்துக்குக் கூலி ஆளே பரவாயில்ல" என்றான். பிறகு கீழ்த்தட்டைக் காட்டினான். உழுது, பார் பிடித்து, கம்பு நட்டு வைத்திருந்தது. பூண்டுக்குக் கம்பு எதற்கு? நான் அவனைப் பார்த்தேன். மடியிலிருந்து ஒரு பையை எடுத்து என் கையில் கொட்டினான். பீன்ஸ் விதை.

"உன்னால முடியாமப் போகும்னு நெனைச்சு இதை வாங்கலை" என்றான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "எல்லாத் தட்டுலயும் பூண்டையே போட்டா, நீ வந்தா எங்க நிப்ப? வரப்புலயே நின்னுக்கிட்டிருப்பியா?"

நான் விதையை விரலால் கிளறினேன்.

"மோந்து பாரு. மணக்குதா?"

முகர்ந்தேன். பீன்ஸ் விதைக்கு என்ன வாசம் இருக்கிறது, துணிப்பை வாசம்தான்.

மேல்தட்டிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "ஏலே, அவளை நிக்க வச்சுப் பேசிக்கிட்டே இருக்காத! வெயில் ஏறுது. வெரசா எறங்கச் சொல்லு!"

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். மதினி மேலேயிருந்து, "நாத்தனாரே, ஒவ்வொரு விதையா இடுக்கியில எடுத்து வச்சுக்கிட்டிருக்காதீங்க, பொழுது போயிரும்!" என்று கத்தினாள். ஆட்களெல்லாம் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தது கேட்டது. கம்புக்கு ஒரு குழி போட்டு, விதையைப் போட்டு, கையால் மண்ணைத் தள்ளி மூடினேன். ரொம்ப நாளைக்கப்புறம் என் கைக்கு அந்த மண்ணின் குளிர்ச்சி கிடைத்தது. கடைசி வரிசை வரைக்கும் நான்தான் போட்டேன், யாரையும் விடவில்லை.

சாயங்கால பஸ்ஸில் டவுனுக்குத் திரும்பினேன். மறுநாள் காலையில் ஒரு காலேஜ் பெண் வந்திருந்தாள். நகத்தில் மண் போகிறவரை கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு அவள் நெற்றியில் விரலை வைத்தேன். எதையோ சொல்லிக்கொண்டே இருந்தவள், வலது கண் பாதி முடிவதற்குள் தூங்கிப் போனாள்.