தாடி வைத்த பம்ப் மெக்கானிக்கும் ஒரு ராக்கெட் எஞ்சினும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துப் பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவது வரைக்கும் படித்தவள் ராக்கெட்டைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்ற தயக்கம்தான். அண்ணாமலையார் மேல் பாரத்தைப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கம் சாலையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு வெளிநாட்டுப் பெரியவர் தங்கியிருந்தார். தியானத்துக்கு வந்தவர். சொந்த ஊரில் பொழுதுபோக்காகச் சின்னச் சின்ன ராக்கெட் எஞ்சின் செய்தவராம். அவர் படம் வரைந்து காட்டியதில் என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இவர் வேங்கிக்காலில் மோட்டார் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பெரியவர் ஊருக்குப் போன பிறகும் விடவில்லை. கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டு, எஞ்சின் எரிகிற வரைக்கும் தாடி எடுப்பதில்லை என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். மண்ணெண்ணெயும் சிலிண்டரில் வருகிற ஆக்சிஜனும் கலந்து எரிவதுதான் இந்த எஞ்சின். எரியும்போது எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும். அதையும் மீறி மண்ணெண்ணெயை உள்ளே தள்ள வேண்டும். பம்ப் வைத்துத் தள்ளினால் டாங்கி லேசாக இருந்தால் போதும். ஆனால் பம்ப் பேய் வேகத்தில் சுற்ற வேண்டும். இல்லையென்றால் டாங்கிக்குள்ளேயே காற்றை அடைத்து, அந்த அழுத்தத்தில் தள்ளலாம். டாங்கி கனமாகிவிடும், ஆனால் சுற்றுகிற சாமான் ஒன்றும் கிடையாது. சின்ன எஞ்சினுக்கு இதுவே போதும் என்று பெரியவர் சொல்லிவிட்டுத்தான் போனார். இவர் கேட்டால்தானே! ஊர் பம்பையெல்லாம் ஓட வைக்கிறவர், தன் எஞ்சினைப் பம்ப் இல்லாமல் செய்வாரா?

செய்த பம்பில் தண்ணீர் விட்டுப் பார்த்தால் ஒரு நாள் சீல் ஒழுகும், ஒரு நாள் பேரிங் கத்தும். தாடி மட்டும் ஜோராக வளர்ந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா இவரைச் சாமியார் என்று நினைத்து, நடுரோட்டில் காலில் விழுந்து வாழைப்பழம் கொடுத்தார். கையெல்லாம் கிரீஸோடு இவர் திருதிருவென்று விழித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அப்போதுதான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மூத்த மாப்ள தாடியோட மேடையில நின்னா கெட்ட காரியம் நடந்த வீடுன்னு நெனப்பாங்கடி. எடுத்துடச் சொல்லு."

சொன்னேன். "சாமிகிட்ட சொன்னத மாத்த முடியாது. நீங்க போயிட்டு வாங்க, நான் வரல" என்றுவிட்டார். மூத்த மருமகன் இல்லாத கல்யாணமா? எனக்கு அழுகையே வந்தது.

கீழ்பென்னாத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த என் தம்பி, விஷயம் கேள்விப்பட்டு வந்தான்.

"மாமா, ஆக்சிஜன் சிலிண்டர்லேர்ந்து தானா வருது. மண்ணெண்ணெய்க்கு மட்டும் எதுக்கு பம்ப்பு?"

"பம்ப்பு இல்லாம எஞ்சினாடா மச்சான்? அதுக்குப் பேரு ஸ்டவ்வு."

"அந்த ஸ்டவ்வுல காத்தடிச்சுத்தான் எங்கக்கா உங்களுக்குச் சோறாக்கிப் போடுது. ஜாஸ்தியா தின்னுட்டுப் பேச்சப் பாரு!"

அவரே சிரித்துவிட்டார். தம்பி விடவில்லை.

"எஞ்சின் எரியணும்னு வேண்டினீங்களா, பம்ப்பு ஓடணும்னு வேண்டினீங்களா?"

இவர் தாடியைத் தடவினார். "எஞ்சின்னுதான் சொன்னேன்."

"அப்ப சாமி எப்பவோ ரெடி. நீங்கதான் லேட்டு."

அன்றைக்கே பம்பைக் கழற்றி வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து கனமான டாங்கி செய்து, தண்ணீர் அடைத்துத் தாங்குகிறதா என்று பார்த்தார்கள். வேர்க்கடலை அறுவடை முடிந்திருந்த தம்பியின் நிலத்தில் கான்கிரீட் போட்டு இரும்பு ஸ்டாண்ட் நட்டார்கள். அங்கிருந்தும் அண்ணாமலையார் மலை தெரியும். சாமி மலையைப் பார்த்து நெருப்பு வரக் கூடாது என்று, நட்ட ஸ்டாண்டைப் பெயர்த்துத் திருப்பி நட வைத்தார் இவர். நான் எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். எல்லோரும் மோட்டார் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டோம்.

தம்பி ஸ்விட்சைப் போட்டான். நிலமே அதிர்ந்தது. இவர் "அரோகரா!" என்று கத்தியது வாய் அசைவில்தான் தெரிந்தது. நானும் அரோகரா சொல்லி முடிப்பதற்குள் எண்ணெய் தீர்ந்து அடங்கிவிட்டது. ஆனால் எரிந்தது!

மறுநாள் கோயிலுக்குப் போய்விட்டு மழமழவென்று வந்து நின்றவரைப் பார்த்து, எங்கள் சின்னவள் "யாரும்மா இவரு?" என்று என் பின்னால் ஒளிந்துகொண்டாள். கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு முன்னால் நின்றவர் அவர்தான்.

இப்போது ஊரில், ராக்கெட் மலையைத் தாண்டிப் பறந்தது என்று சொல்கிறார்கள். பறக்கவில்லை. ஸ்டாண்டிலேயே கட்டியிருந்தது. படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். அவர் வேண்டிக்கொண்டது எரிவதற்கு மட்டும்தான். பறந்தது என்று சேர்த்துச் சொல்லி, கேட்காத வரத்தைச் சாமி கணக்கில் எழுதிவிடாதீர்கள்.