சுகர் மாத்திரை

எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பன்னிரண்டு வருஷம். மாத்திரையை எங்கே வைப்பீர்கள் என்று யாராவது கேட்டால், வாய் கூசாமல் "அலமாரிக்கு மேலே" என்பேன். சுத்தப் பொய். சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கும்.

அன்று சிங்கப்பூரில், எங்கள் தோ பாயோ வீட்டில் நானும் மூன்று வயதுப் பேத்தியும் மட்டும். காய்ச்சல் விட்ட மறுநாள் என்பதால் அவளைச் சைல்ட் கேருக்கு அனுப்பவில்லை. தேக்காவில் வேலை பார்க்கும் மகள் கிளம்பும்போது, "அப்பா, சுகர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

"போடுறேன், போ. தொணதொணக்காத."

ஒன்றைப் பிரித்துத் தட்டில் வைத்தேன். போன் வந்தது. பேச ஆரம்பித்தால் எனக்கு ஊர் உலகம் மறந்துவிடும்.

பதினொரு மணிக்குப் பிள்ளை சோபாவில் சுருண்டு கிடந்தாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மிச்சக் காய்ச்சல் இறங்குகிற வேர்வை என்று நினைத்துப் போர்த்திவிட்டேன், மடையன். அரை மணி நேரம் கழித்து எழுப்பினால் தலை நிற்கவில்லை. அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். தட்டு காலி.

மருத்துவமனையில் நம்மவர்தான் டாக்டர். "ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர்" என்றேன், ஏதோ அது ஒரு சமாதானம் போல.

"இந்த வயசுக்கு ஒண்ணே ஆபத்து, அங்கிள்."

குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தாள். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். "இன்னும் முடியல. மருந்து ஒடம்புல இருக்கிற வரைக்கும் சுகர் திரும்பத் திரும்ப இறங்கும். நாளைக்கு வரைக்கும் பாத்துத்தான் சொல்லணும்."

மணிக்கொரு முறை நர்ஸ் வந்து விரலில் குத்தினாள். ஏறியிருந்த சுகர் மறுபடி இறங்கியது. என் விரலைக் குத்திக் குத்திப் பழகியவன் நான், ஆனாலும் அந்தச் சின்ன விரலைப் பார்க்க முடியவில்லை.

மகள் ஓடி வந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. "ஏன் தங்கம் அதச் சாப்பிட்டே?" என்று பிள்ளையைத்தான் கேட்டாள்.

"அம்மா, நீங்கதான் சுகர்னு சொன்னீங்க."

மகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உன் தப்பில்லை அம்மா, வைத்தவன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் நர்ஸ் மறுபடி ஊசியோடு வந்தாள். பிள்ளை கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சாரி தாத்தா. இனிமே நல்ல பிள்ளையா இருக்கேன். குத்த வேணாம்னு சொல்லு தாத்தா."

நான்தான் அந்தக் கையை வெளியே இழுத்து, விரலைப் பிரித்து, நீட்டினேன்.