அளக்காத தாண்டல்

என் அக்கா நீளம் தாண்டுவதில் பல வருடம் நாட்டின் சாம்பியன். அலமாரி நிறையக் கோப்பைகள். அதையெல்லாம் துடைக்கிற வேலை என்னுடையது, அவளுக்கு அதற்குப் பொறுமை கிடையாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் மின் அலுவலகத்தில் பில் கவுண்டர் வேலை. காலையில் மைதானம், பகலில் கவுண்டர், சாயங்காலம் மறுபடி மைதானம். "உங்க அக்கா காலு தரையில நிக்கவே நிக்காதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பிடித்துக் கேட்பாள்.

அத்தான் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். போட்டிகளில் நடுவராகவும் நிற்பார். கடைக்காரன் சில்லறை கூடக் கொடுத்துவிட்டால் வேகாத வெயிலில் திரும்பி நடக்கிற ரகம். அந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல். அக்காவுக்கோ அதில் பெருமை பிடிபடாது.

அவளுக்குக் கிடைக்காதது ஒன்றுதான். வெளிநாட்டில் நடக்கும் பெரிய போட்டி. ஒவ்வொரு முறையும் தகுதித் தூரத்துக்கு ஒரு விரல் குறையும், இல்லையென்றால் தசை பிடித்துக்கொள்ளும். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வீக்கம் வற்றுவதே இல்லை. இந்த முறை விட்டால் விட்டதுதான் என்று அவளுக்கே தெரியும்.

தேர்வுப் போட்டியன்று பலகை நடுவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஓடி வருகிறவள் கால் ஊன்றி எழும்பும் பலகையின் விளிம்பை மீறாவிட்டால் வெள்ளைக் கொடி, மீறினால் சிவப்பு, அதுதான் அவர் வேலை. அத்தானை நிற்கச் சொன்னார்கள்.

"பொண்டாட்டி தாண்டுற இடத்துல நான் நிக்கிறது நல்லா இருக்காது" என்று அவர் தயங்கினார்.

அக்காதான் விடவில்லை. "நீங்க நின்னா யாரு என்ன சொல்லப்போறாங்க? நில்லுங்க."

எதிராளிகளின் பயிற்சியாளர்கள்கூட, "மாஸ்டரா? அப்ப சரி" என்றார்கள்.

கடைசி வாய்ப்பு வரைக்கும் அவளுக்குத் தூரம் வரவில்லை. கடைசித் தடவை அவள் அதுவரை இல்லாத வேகத்தில் ஓடி வந்தாள். எழும்பினாள். தகுதித் தூரத்துக்கு நட்டிருந்த சின்னக் கொடியைத் தாண்டி எங்கேயோ போய் மணலில் விழுந்தாள். மைதானமே எழுந்து நின்றது. மணலைக்கூடத் தட்டாமல் திரும்பிப் பார்த்தாள். அத்தான் சிவப்புக் கொடியைத் தூக்கியிருந்தார்.

நான் சண்டை போடத்தான் ஓடினேன். கால் மீறினால் தடம் தெரிவதற்காகப் பலகையை ஒட்டி வைத்த களிமண் பட்டையில் ஷூ நுனி பதிந்திருந்தது, நகக்கீறல் அளவுக்கு. கண்ணால் பார்த்த பிறகு என்ன சண்டை போடுவது? அவர் செய்தது தப்பாக இருந்திருந்தால் ஆயுசு முழுக்கத் திட்டியிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் போனது. சிவப்புக் கொடி காட்டிய தாண்டலை யாரும் அளப்பதில்லை. ஒரு ஆள் வந்து மணலை வாரிச் சமன் செய்துவிட்டுப் போனான்.

"காலு பட்டுச்சா?" என்று வீட்டுக்கு வரும் வழியில் அக்கா அத்தானிடம் கேட்டாள்.

"பட்டுச்சு."

"ம்" என்றாள். அதோடு சரி.

மறுநாள் பத்திரிகையில் அத்தான் படம் வந்தது. கட்டிய மனைவிக்கே சிவப்புக் கொடி காட்டிய மாஸ்டர் என்று ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் தடகளச் சங்கத்திலிருந்து தகவல். அதே பெரிய போட்டிக்கு அவரை நடுவராக அனுப்புகிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வரலன்னு சொல்லிடறேன்" என்றார் அத்தான்.

"எதுக்கு? ரெண்டு பேர்ல ஒருத்தராவது போயிட்டு வரலாம்ல" என்று சொல்லி, அவருடைய கோட்டுக்கு அக்காவே இஸ்திரி போட்டாள்.

அந்தப் போட்டியை டிவியில் காட்டியபோது அவள் அடுப்படியை விட்டு வரவில்லை. நான் பார்த்தேன். மூன்றாவதாக வந்தவள் விழுந்த இடத்தைவிட அக்கா அன்று தள்ளி விழுந்தாள் என்று எனக்குத் தோன்றியது. சத்தியம் செய்ய முடியாது. அளந்திருந்தால்தானே?

அத்தான் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டுக்கொண்டே அக்கா கேட்டாள், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக.

"அன்னிக்கு நான் எவ்வளவு தூரம் போயிருப்பேன்? உங்க கண்ணளவு சரியா இருக்கும். சும்மா சொல்லுங்க, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

வாய்க்கு வந்த ஒரு தூரத்தைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த மனிதருக்கு அது வராது.

"நான் பாக்கல" என்றார். "உன் காலு படுதான்னு பலகையையே பாத்துட்டிருந்தேன். அப்புறம் கொடியைத் தூக்கினேன். நீ தாண்டினதை நான் பாக்கவே இல்ல."

அக்கா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"சரி, சாப்பிடுங்க" என்றாள்.